நூற்றுக்கு எத்தனை பரிவு

நோக்கமானி சீட்டைத் துப்பியதும் செங்கோட்டுவேல் அதை வெடுக்கென்று உருவினார். நெற்றியில் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியை இறக்கிப் படித்தார். மகள் நறுமுகை இன்னும் நாற்காலியில்தான் இருந்தாள். தலையில் மாட்டியிருந்த கம்பிவலை பின்னலில் சிக்கிக்கொண்டதால் அவளால் எழுந்திருக்க முடியவில்லை.

"எத்தனைங்கப்பா?"

அவர் மறுபடியும் படித்தார்.

பரிவு 9. அச்சம் 6. பெருமை 4. தந்தை 81.

"கொறைவுங்களா?"

"பரிவு ஒம்போது கண்ணு."

"மீதி?"

அவர் சீட்டை அவளிடம் நீட்டினார். அவள் படித்துவிட்டு அவரைப் பார்த்தாள். "தந்தைன்னா நீங்களாங்கப்பா?"

"உனக்கு வேற தந்தை இருக்கறாங்களா?" என்றார் செங்கோட்டுவேல், வலையைப் பின்னலிலிருந்து எடுத்துவிட்டபடி. உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்திருந்தது. தனக்காக மகளின் மூளையில் இத்தனை இடம் விளக்கெரிகிறதே என்ற குளிர்ச்சி. ஆனால் இந்த எண்ணிக்கையோடு போனால் ஆணையத்தின் வாசலைக்கூட மிதிக்க முடியாது. பரிவு அறுபது இருந்தால்தான் மருத்துவக் கல்லூரி.

மதிப்பெண் பார்த்து மருத்துவம் படிக்க வைத்த காலம் முடிந்து ஒன்பது வருடமாகியிருந்தது. முடித்து வைத்தது நோயறிவான். ஒரு பள்ளிச் சிலேட்டு அளவுள்ள அந்தப் பலகையை நோயாளியின் நெஞ்சில் வைத்தால் அரை நிமிடத்தில் என்ன நோய், என்ன மருந்து, எத்தனை வேளை என்பதைச் சொல்லிவிடும். உலகத்திலுள்ள மருத்துவப் புத்தகம் எல்லாம் அதற்குள் இருந்தது. அப்படியென்றால் மருத்துவர் எதற்கு? அறுக்கவும் தைக்கவும், எந்த ஆபத்தைத் துணிந்து ஏற்பது என்று முடிவெடுக்கவும், வெளியே காத்திருக்கும் மனைவியிடம் வந்து பேசவும். இதற்கு இயற்பியலில் நூற்றுக்கு நூறு எதற்கு என்று சட்டமன்றத்தில் கேள்வி எழுந்தது. மருத்துவமனைகளை எல்லாம் அரசே எடுத்து எல்லோருக்கும் இலவசம் என்று ஆக்கியிருந்த சமயம் அது. கட்டடம் இருந்தது, மருந்து இருந்தது. மருத்துவர்கள்தான் இரண்டு வருடத்தில் வேலையை விட்டுவிட்டு வெளிநாட்டுக்கு விமானம் ஏறினார்கள். விட்டுப் போகாமல் இருக்கிறவர்களைத்தான் இனிமேல் எடுக்க வேண்டும் என்று மருத்துவத் தேர்வு ஆணையம் முடிவு செய்தது. அதற்காக வந்ததுதான் நோக்கமானி.

கேள்வி ஒன்றே ஒன்றுதான். நீ ஏன் மருத்துவராக வேண்டும்? வாயால் பதில் சொல்ல வேண்டியதில்லை. தலையில் வலையை மாட்டிக்கொண்டு நாற்பது நிமிடம் அந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருந்தால் போதும். பதில் சொற்களாகத் திரள்வதற்கு முன்பே எந்த ஆசை, எந்தப் பயம், யாருடைய முகம் மனதில் கிளம்புகிறது என்று வலை பார்த்துவிடும். கிளம்பியதை எல்லாம் கூட்டி, நூறு பங்காக்கி, எது எத்தனை பங்கு என்று சீட்டில் அடித்துத் தரும். நடிப்பு கொஞ்சமும் செல்லாது. நடித்தால் அதற்கும் சீட்டில் ஒரு வரி உண்டு: பாவனை.

நாமக்கல்லுக்குத் தெற்கே கொன்றைப்பட்டியில் செங்கோட்டுவேல் நடத்திவந்த 'வெற்றிப்படி' பயிற்சியகத்தில் ஒரு காலத்தில் நானூறு பிள்ளைகள் படித்தார்கள். நகரும் சக்கரத்தின் விசையைப் பற்றிய கணக்கை அவர் சொல்லிக் கொடுத்தால் தூங்குகிறவனுக்கும் புரியும். புதுச் சட்டம் வந்ததும் மற்ற பயிற்சியகங்கள் எல்லாம் கல்யாண மண்டபமாக மாறின. இவர் மட்டும் மாறவில்லை. தேர்வு என்று ஒன்று இருந்தால் அதற்குள் போக ஒரு வழியும் இருக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. ஆணையம் கழித்துப் போட்ட பழைய நோக்கமானி ஒன்றை ஏலத்தில் எடுத்து வந்து வகுப்பறையில் வைத்தார். பிள்ளைகளுக்குச் சோகப் படங்களைப் போட்டுக் காட்டினார். பாவனை 70. கண்ணை மூடி உட்கார வைத்தார். தூக்கம் 55. எட்டு வருடத்தில் அவர் பயிற்சியில் தேறியவர்கள் ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரும் அவரிடம் வராமல் இருந்திருந்தாலும் தேறியிருப்பார்கள் என்று அவருக்கே தெரியும்.

இப்போது சொந்த மகள். இன்னும் ஒரு வருடம்தான் இருந்தது.

அன்று முழுக்க அவர் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தார். சாயங்காலம் மனைவி பூங்கொடி பள்ளியிலிருந்து வந்தாள். விளையாட்டு ஆசிரியை, கழுத்தில் ஊதல் தொங்கியது. சீட்டைப் பார்த்துவிட்டு, "ஓட்டம் எப்படி ஓடறதுன்னு பலகையில எழுதிப் போட்டா யாராச்சும் ஓடுவாங்களா? ஓட விட்டாத்தானே ஓடுவாங்க?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு ஊதலைக் கழற்றி ஆணியில் மாட்டப் போய்விட்டாள். செங்கோட்டுவேல் நின்ற இடத்திலேயே நின்றார்.

மறுநாள் காலையில் அவர் கொன்றைப்பட்டி அரசு மருத்துவமனைக்குப் போய் மருத்துவர் குமுதவல்லியைப் பார்த்தார். குமுதவல்லிக்கு ஐம்பத்தைந்து வயது. மதிப்பெண் காலத்தில் படித்தவர். முப்பது வருடமாக அதே மருத்துவமனைதான்.

"எம் பசங்க இருவத்திமூணு பேரு இருக்கறாங்கம்மா. தெனமும் நாலு மணி நேரம். ஆளுக்கொரு கட்டிலு குடுங்க. என்ன வேல சொன்னாலும் செய்வாங்க."

"எதுக்கு?"

அவர் பொய் சொல்லவில்லை. "பரிவு ஏறுதான்னு பாக்கறதுக்குத்தானுங்க."

குமுதவல்லி வாய்விட்டுச் சிரித்தார். "நோய் கண்டுபுடிக்க மிஷின் இருக்குது. மருந்து குடுக்க மிஷின் இருக்குது. திரும்பிப் படுக்க வைக்க ஆளில்ல. எந்த எண்ணத்துல வந்தா என்ன, அனுப்புங்க."

நறுமுகைக்குப் பதினோராம் கட்டில் கிடைத்தது. அதில் முத்துக்கருப்பன் படுத்திருந்தார். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தவர். நாற்பத்தொரு வயது. கூரையிலிருந்து விழுந்து முதுகெலும்பு நொறுங்கி, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லை. மனைவி ஊர் தள்ளி ஒரு முட்டைப்பொடி ஆலையில் வேலை பார்த்ததால் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வர முடிந்தது. மற்ற ஆறு நாளும் அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார்.

முதல் நாள் அவள் கொடுத்த கஞ்சியை அவர் தட்டிவிட்டார். "பரிட்சைக்குப் படிக்க நாந்தான் கெடைச்சனா? போ அம்மிணி, வேற பொஸ்தகத்தப் பாரு." அவள் சிந்தியதைத் துடைத்துவிட்டு வீடு வரும் வழியெல்லாம் அழுதாள். அவர் சொன்னது உண்மையாக இருந்ததுதான் காரணம்.

ஆனால் மறுநாளும் போனாள். அப்பா போகச் சொன்னார், போனாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைப் புரட்டிவிட வேண்டும். இல்லையென்றால் முதுகு புண்ணாகும். தொண்ணூறு கிலோ மனிதர். தோளுக்கும் இடுப்புக்கும் கை கொடுத்து, போர்வையோடு சேர்த்து உருட்டும் முறையை அவள் மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டாள். ஆறாவது வாரம், சன்னலுக்கு வெளியே நெடுஞ்சாலையில் ஒரு லாரி போனபோது முத்துக்கருப்பன் தானாகவே பேசினார்.

"கேட்டியா? பின்கதவு ஆடுது. அது எங்க பட்டறை பாடியில்ல."

"எப்படிங்கண்ணா தெரியும்?"

"எங்க பட்டறைக் கதவு ஆடாது. ஆடற மாரி நாங்க வெக்கறதில்ல."

அதன்பிறகு ஒவ்வொரு லாரிக்கும் அவர் சொல்ல, அவள் கேட்டாள். ஒரு மாதம் போனதும் அவளே சொல்ல ஆரம்பித்தாள். ஒருநாள் அவள் சரியாகச் சொன்னபோது, "இருவது வருசம் பட்டறையில நின்னவனுக்கும் இந்தக் காது வராது" என்று அவர் பக்கத்துக் கட்டில்காரரிடம் பெருமையடித்துக்கொண்டார்.

பழைய நோக்கமானியில் செங்கோட்டுவேல் மாதம் ஒரு முறை எல்லோரையும் அளந்தார். மூன்றாம் மாதம் நறுமுகைக்குப் பரிவு 31, தந்தை 52. ஐந்தாம் மாதம் 58, 29. எட்டாம் மாதச் சீட்டைப் பூங்கொடியிடம் காட்டினார்.

"நான் எட்டுக்கு எறங்கிட்டேன்."

"அதுக்குத்தானே பாடுபட்டீங்க?"

"அது செரிதான். இருந்தாலும் எட்டு."

பூங்கொடி அவர் தட்டில் இன்னொரு தோசையை வைத்தாள். ஆறுதலுக்கு அவள் வைத்திருந்த ஒரே முறை அது.

இருபத்திமூன்று பேரில் பத்தொன்பது பேர் அறுபதைத் தாண்டினார்கள். செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. சேலத்திலும் திருச்சியிலும் தூத்துக்குடியிலும் பயிற்சியகங்கள் மறுபடி முளைத்தன. அவை எல்லாம் பிள்ளைகளை மருத்துவமனைகளுக்கு அனுப்பின. அடுத்த மூன்று மாதத்தில் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் கட்டிலுக்கு ஒரு பிள்ளை நின்றது. படுக்கைப் புண் என்பதே இல்லாமல் போனது. நோயாளிகள் இரண்டு நாள் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள். ஆணையத்தை ஏமாற்றக் கிளம்பிய செங்கோட்டுவேலை ஆணையமே அழைத்துப் பொன்னாடை போர்த்தியது. அவர் சங்கடத்தோடு வாங்கிக்கொண்டார்.

உண்மையான தேர்வு சித்திரையில் நடந்தது. நறுமுகைக்குப் பரிவு 94. மாநிலத்தில் மூன்றாவது இடம். செங்கோட்டுவேல் சீட்டை மேலிருந்து கீழே வரை பார்த்தார். அச்சம் 4. பிற 2. வேறு வரியில்லை. சீட்டைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

கல்லூரி தேர்ந்தெடுக்கும் நாளில் வீட்டுக் கூடத்தில் திரை விரிந்தது. சென்னை, மதுரை, கோவை என்று எல்லா மருத்துவக் கல்லூரிகளும் வரிசையாக நின்றன. மூன்றாம் இடத்துக்காரி எதை வேண்டுமானாலும் தொடலாம். நறுமுகை விரலால் திரையை மேலே தள்ளிக்கொண்டே போனாள். மருத்துவப் படிப்பு முடிந்து செவிலியர் படிப்பு வந்தது. அதில் சேலத்தைத் தொட்டாள். 'உறுதியா?' என்று திரை கேட்டது. உறுதி என்று தொட்டாள்.

"கண்ணு, தப்பாத் தொட்டுட்ட."

"இல்லீங்கப்பா."

"திருப்பித் தொடு. பத்து நிமிசம் டைம் குடுப்பாங்க."

"நான் நர்ஸாத்தான் போறனுங்கப்பா."

செங்கோட்டுவேல் வாழ்க்கையில் மகளை நோக்கிக் கத்தியதில்லை. அன்று கத்தினார். முப்பது வருடம் ஊரார் பிள்ளைகளை மருத்துவர்களாக்கியதையும் அவள் பிறந்த அன்றே நெற்றியில் எழுதியிருந்ததாகத் தான் நினைத்ததையும் சொன்னார். "மூணாவது எடம்! மூணாவது எடம்டி!" என்றபோது இருமல் வந்தது. நறுமுகை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பிறகு சொன்னாள்.

"தையில முத்துக்கருப்பண்ணனுக்கு தோள்பட்டையில சீழ் வெச்சுதுல்லீங்கப்பா, அப்ப ரத்த அழுத்தம் ரொம்ப எறங்கிருச்சு. மயக்க மருந்து குடுக்க முடியாதுன்னு நோயறிவான் சொல்லிருச்சு. அப்படியேதான் கீறி எடுக்கணும். டாக்டரம்மா ஏழு நிமிசத்துல எடுத்தாங்க. அண்ணன் எங்கையப் புடிச்சுட்டு கத்தறாரு. கத்திட்டு இருக்கறப்பவே டாக்டரம்மா கையுறையக் கழட்டிப் போட்டுட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாங்க."

"கல் நெஞ்சு."

"இல்லீங்கப்பா! பன்னெண்டுல இருந்த தாத்தாவுக்கு மூச்சே வரல. இவங்க போனதாலதான் அந்தத் தாத்தா பொழச்சாரு. போனதுதான் சரி. டாக்டருன்னா போயிடணும். என்னால போக முடியாது. நான் பதினொண்ணுலயே நின்னுட்டிருப்பேன். பன்னெண்டு செத்துப்போவும்."

அவர் சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். "இதுல நான் ஒரு பங்குகூட இல்லையே கண்ணு" என்றார், அதுதான் வாதம் என்பது போல.

நறுமுகைக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "நான் ஏன் டாக்டராவணும்னுதானே அது கேட்டுச்சு? உங்கள எவ்வளவு புடிக்கும்னா கேட்டுச்சு?"

அவர் விடவில்லை. மறுநாள் குமுதவல்லியிடம் போனார். மருத்துவர் சொன்னால் மகள் கேட்பாள் என்ற கடைசி நம்பிக்கை. குமுதவல்லி கை கழுவிக்கொண்டே கேட்டார்.

"நான் எதுக்கு டாக்டரானேன்னு தெரியுமா உங்களுக்கு? பன்னெண்டாவது முடிச்சதும் கல்யாணம்னாங்க வீட்டுல. மாப்பிள்ள பாத்து வெச்சுட்டாங்க. இருக்கறதுலயே நீளமான படிப்பு எதுன்னு பாத்தேன். அஞ்சரை வருசம். அவ்வளவு நாள் தப்பிச்சுக்கலாம். அதுக்குத்தான் படிச்சேன். அன்னைக்கு உங்க மிஷின மாட்டியிருந்தா கல்யாணம் தொண்ணூத்தஞ்சுன்னு வந்திருக்கும்."

"பரிவு எப்பம்மா வந்துச்சு?"

"வந்துச்சான்னே தெரியாது. காலைல வர்றேன், ஒண்ணாம் கட்டில்ல ஆளு இருக்குது. அப்பறம் ரெண்டு. நாப்பது முடிக்கறப்ப பொழுது போயிருது." கையைத் துடைத்துக்கொண்டார். "உங்க பொண்ணு டாக்டராவும் ஆவா, நர்ஸாவும் ஆவா. அவளுக்கு எங்க நிக்கணும்னு தெரிஞ்சிருக்குது. எனக்கு அந்த வயசுல எங்க நிக்கக் கூடாதுன்னுதான் தெரிஞ்சுது."

திரும்பி வரும்போது வார்டு வாசலில் செங்கோட்டுவேல் நின்றார். உள்ளே முத்துக்கருப்பனை முதன்முதலாகச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஆண்கள் தூக்க, நறுமுகை நடுவில் நின்று, "இப்ப இல்ல, நான் மூணு சொன்னதும், அண்ணா நீங்க மூச்ச இழுத்துக்கங்க" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். மூன்று சொன்னாள். தூக்கினார்கள். உட்கார்ந்ததும் முத்துக்கருப்பன், பல மாதங்களாகக் காதால் மட்டும் கேட்ட நெடுஞ்சாலையைச் சன்னல் வழியே பார்த்தார். செங்கோட்டுவேல் செருப்பை மாட்டிக்கொண்டு சத்தம் போடாமல் வீட்டுக்கு வந்து, பூங்கொடியிடம், "சேலத்துல ஆஸ்டல் எப்படின்னு விசாரிக்கணும்" என்றார்.

அவர் வீட்டில் நடந்தது அந்த வருடம் ஊர் ஊராக நடந்திருந்தது. எண்பதுக்கு மேல் வாங்கியவர்களில் பாதிக்கு மேல் மருத்துவ இடத்தை மறுத்தார்கள். செவிலியர் கல்லூரிகளிலும் இயன்முறை மருத்துவக் கல்லூரிகளிலும் இடமில்லை. மருத்துவக் கல்லூரிகளில் பெஞ்சுகள் காலியாக இருந்தன. ஒன்பது வருடத்தில் இல்லாதபடி அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கு ஆளில்லை. ஆணையம் மூன்று நாள் கூடிப் பேசியது. நான்காம் நாள் அறிவிப்பு வந்தது. மருத்துவப் படிப்புக்குப் பரிவு அறுபதுக்குக் குறையக் கூடாது. இனிமேல் எழுபதுக்கு மேலும் போகக் கூடாது.

ஒரே வாரத்தில் செங்கோட்டுவேலின் பயிற்சியகத்துக்கு எதிர்க் கட்டடத்தில் புதுப் பலகை ஏறியது. 'பரிவுக் குறைப்பு. முப்பது நாள். உறுதி.' அங்கே பிள்ளைகளை வார்டுக்கு விடுவதில்லை. தனித்தனி அறையில் உட்கார வைத்து, மணிக்கு ஒரு தடவை யார் முந்தியிருக்கிறார்கள் என்ற பட்டியலைச் சுவரில் ஓட விட்டார்கள். எண் இறங்கத்தான் செய்தது. மதியம் சாப்பாட்டுக்கு வெளியே வரும் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டுப் போவதைச் செங்கோட்டுவேல் சன்னலிலிருந்து பார்த்தார். அவர்களில் சிலரை அவருக்கு வார்டில் தெரியும்.

அந்த ஆடி மாதம் மோகனூரிலிருந்து ரேவதி என்ற பெண் தன் மகள் இளவேனிலைக் கூட்டிக்கொண்டு அவரிடம் வந்தாள். கசங்கிய கைத்தறிச் சேலை, கையில் ஒரு துணிப்பை. நாற்காலியில் நுனியில்தான் உட்கார்ந்தாள்.

"பரிவு கூடிப்போச்சுங்க சார். தொண்ணூத்தொண்ணு. எழுவதுக்குள்ள கொண்டாரணுமாம். எப்படியாச்சும் கொறச்சுக் குடுங்க."

"எதுத்தாப்புல முப்பது நாள்ல கொறைக்கறாங்களேம்மா."

"இவ அங்க வேண்டாம்ங்கறாளுங்க."

செங்கோட்டுவேல் அந்தப் பெண்ணைப் பார்த்தார். ஒல்லியாக இருந்தாள். இரண்டு கையிலும் நகம் ஒட்ட வெட்டியிருந்தது. வார்டுக்குப் போகிற கை. "எந்த வார்டு?"

"தீக்காய வார்டுங்க சார். ஆறு மாசம்."

"அங்கயே நர்ஸாப் போலாமே? எம் பொண்ணு போயிருக்கறா."

"எனக்கு டாக்டர்தாங்க சார் ஆவணும். தோலு எடுத்து ஒட்டறத பாத்திருக்கறேன். ஒருத்தருக்கு முடிச்சுட்டு அடுத்தவங்களுக்குப் போவாங்க. எனக்கு ரெண்டு பேரையும் பாக்கணும். நாப்பது பேரு இருந்தா நாப்பது பேரையும் பாக்கணும்."

செங்கோட்டுவேல் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்ணூற்றொன்று பரிவை வைத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்கும் போகத் துடிக்கிற பிள்ளை. இப்படி ஒருத்தியைக் கண்டுபிடிக்கத்தானே இத்தனை பெரிய எந்திரத்தைக் கட்டினார்கள்? அவளைத்தான் இப்போது அது வேண்டாம் என்கிறது. எப்படியாவது குறைக்க வேண்டும் என்றால் எதிர்க் கட்டடத்தில் செய்கிறதைத்தான் தானும் செய்ய வேண்டும். வேலை முடியும், எண் இறங்கும். இறங்கியபின் அந்த நாற்பது பேரைப் பார்க்க யார் மிச்சமிருப்பார்கள்?

அவர் எழுந்து சன்னல்வரை போய்த் திரும்பினார். மறுபடி போனார். ரேவதி பயந்துபோய், "முடியாதுங்களா சார்?" என்றாள்.

"இருங்கம்மா." அவர் கரும்பலகையை நோக்கி ஓடினார். இத்தனை வருடம் அதன் முன்னால் நின்றும் இந்தக் கணக்கு எப்படித் தோன்றாமல் போனது என்று தன் தலையிலேயே தட்டிக்கொண்டார். "தொண்ணூத்தொண்ணுங்கறது என்னது? பங்கு! எடை இல்ல, பங்கு. எல்லாத்தையும் கூட்டி நூறாக்கித்தானே அடிக்குது? ஒரு சொம்புப் பாலு இருக்குது. பாலோட பங்கு கொறையணும்னா பாலக் கீழ ஊத்தணுமா? வேண்டாம். வேற ஏதாச்சும் அதுல சேத்தாப் போதும். பாலு அப்படியேதான் இருக்கும்!"

தாயும் மகளும் அவரையே பார்த்தார்கள்.

"உம் பரிவு தொண்ணூத்தொண்ணும் அப்படியே இருக்கட்டும் கண்ணு, தொட வேண்டாம். இன்னும் முப்பது பங்கு ஆசை வேணும். சாதாரண ஆசை. அல்ப ஆசையா இருந்தா இன்னும் நல்லது. முப்பது சேந்தா மொத்தம் நூத்தி முப்பது. அதுல தொண்ணூத்தொண்ணு எத்தனை?"

இளவேனில் மனதுக்குள் வகுத்தாள். "சரியா எழுவதுங்க சார்."

"அவ்வளவுதான்! ஆனா பொய் சொல்லக் கூடாது. பொய்யாச் சேத்தா பாவனைன்னு புடிச்சிரும். நெசமா உள்ளுக்குள்ள இருக்கறதத்தான் எடுக்கணும். இருக்கும். எல்லாருக்கும் இருக்கும். ஆறு மாசமா வார்டுல நின்னு நின்னு நீ அதையெல்லாம் ஓரமாத் தள்ளி வெச்சிருக்கற. சொல்லு. டாக்டரானா உனக்கு வேற என்ன வேணும்?"

இளவேனில் தலையைக் குனிந்துகொண்டாள். "ஒண்ணும் வேண்டாங்க சார்."

"கார் வேண்டாமா? பேருக்கு முன்னால டாக்டர்னு போட்டுக்க ஆசையில்லையா? உன்னப் படிக்காதன்னு சொன்னவங்க யாரும் இல்லையா?"

கடைசிக் கேள்விக்கு அவள் காது மடல் சிவந்தது. அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். "சொன்னா அம்மா திட்டுவாங்க."

"நான் பாத்துக்கறேன். சொல்லு."

"எங்க பெரியம்மா வீட்டு விசேசத்துக்குப் போனா..." அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "எல்லாரையும் உக்கார வெப்பாங்க. எங்கம்மாவ மட்டும் பந்தி பரிமாறச் சொல்லுவாங்க. கடைசிலதான் அம்மா சாப்புடுவாங்க, அதும் அடுப்படில நின்னுட்டு. நான் டாக்டராயி ஒருநா கார்ல போயி அந்த வீட்டு வாசல்ல எறங்கணும். எங்கம்மா மொதப் பந்தில உக்காரணும். பெரியம்மா எலை போடணும். அப்ப அவங்க மூஞ்சிய நான் பாக்கணும்."

"அடி, நீ இதையெல்லாமா கவனிச்சுட்டு இருந்த?" என்றாள் ரேவதி. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். திட்டவில்லை. அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. அது அழுகையாக மாறிவிடாமல் பார்த்துக்கொள்வதற்கே நேரம் சரியாக இருந்தது.

செங்கோட்டுவேல் சுண்ணக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் 'பெரியம்மா' என்று பெரிய எழுத்தில் எழுதினார். அவருக்கு இப்படி ஒரு உற்சாகம் வந்து பல வருடமாகியிருந்தது.

"அருமை. இது ஒண்ணே பதினஞ்சு தேறும்" என்றார். "இன்னும் பதினஞ்சு வேணும். வெக்கப்படாம யோசி கண்ணு."